இரண்டாவது துடுப்பு

டிவியின் சத்தத்தை நிறுத்தி வைத்தது தையல்காரிதான். வாடிக்கைக்காரி ஒருத்தி போனில், கோட்டுக் கை அரை அங்குலம் இறங்கிவிட்டது என்று கால் மணி நேரமாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் போட்டியாகக் கூடத்தில் ஆற்றுச் சலசலப்பும் மேளமும் முழங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ரிமோட்டை எடுத்து ஒரே அழுத்து. திரையின் ஓரத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒலிபெருக்கிப் படம் வந்து நின்றது. வீடு அமைதியானது. அடுப்படியில் பால் காய்கிற சிணுங்கல்கூடக் கேட்டது.

"துணியைத்தாம்மா உடம்புக்கு ஏத்த மாதிரி மாத்த முடியும், உடம்பையா மாத்த முடியும்? நாளைக்குக் கொண்டு வாங்க, பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்" என்று அவள் சொல்லி முடிக்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

டப்.

உள்ளங்கையும் உள்ளங்கையும் மோதுகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் நடுவே சிட்டு மட்டும் நின்றாள். எட்டு வயது, பள்ளிச் சட்டை ஒரு பக்கம் வெளியே தொங்க, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, எதிரே ஒன்றுமே இல்லாத இடத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு வெள்ளைக் கோட்டுருவங்கள் படகில் எழுந்து நின்று கைகளை மோதிக்கொண்டிருந்தன. ஒன்று குட்டை, இன்னொன்று நெட்டை. ஒவ்வொரு சவாரியும் அப்படித்தான் முடியும். அந்தக் கைத்தட்டல் டிவியிலிருந்து வருவதும் வழக்கம்தான். ஆனால் டிவி ஊமையாக அல்லவா இருந்தது?

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், சொல்லுங்க" என்றாள். போனை வைத்ததும் நேரே போய்ச் சிட்டுவின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை நன்றாகச் சிவந்திருந்தது.

"என்ன சித்தி?"

"ஒண்ணுமில்லை. பால் ஆறுது, வா."

அந்த விளையாட்டுப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். டிவியின் தலைமேல் ஒற்றைக் கண்ணாடிக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புக் கட்டை, அவ்வளவுதான். கையில் எதையும் பிடிக்க வேண்டாம், பொத்தானே வேண்டாம், உங்கள் உடம்புதான் விளையாட்டு என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். படத்தில் ஒரு குடும்பமே அந்தரத்தில் குதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகல்லவா அதன் வண்டவாளம் தெரியும்! வெயில் பட்டால் அதற்குக் கண் தெரியாது. அதனால் பட்டப்பகலிலும் கனத்த திரைச்சீலையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். ஆறடி இடம் வேண்டும். அதனால் சோபா வருடக்கணக்கில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நாம் கையைத் தூக்கினால் திரையில் இருக்கும் உருவம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தூக்கும். எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அந்தரத்தில் கையை நீட்டி, ஒரு வெள்ளை வட்டம் சுற்றி முழுக்க நிரம்பும்வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குள் கை கழன்றுவிடும். ஒரு முறை நாற்காலியில் கிடந்த கோட்டை ஆள் என்று நினைத்து அதற்கும் ஒரு துடுப்பைக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு அவளும் சிட்டுவும் சிட்டுவின் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்த நாள் என்று அவள் கணக்கில் அது ஒன்றுதான்.

படகு விளையாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால், முன்பு ஆடியவருடைய அசைவைப் பெட்டி தன் ஞாபகத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் நிறுத்தும். அதற்கு நிழல் என்று பெயர். சிட்டுவின் படகில் இரண்டாவது துடுப்பைப் போடுகிற நிழல் அவளுடைய அம்மாவினுடையது.

அந்த அம்மா பொது நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். நெட்டைக்காரி, இடதுகைக்காரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தையல்காரி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது.

சுவரில் மாட்டியிருந்த போட்டோவை அவள் பொறுத்துக்கொண்டாள். பீரோ நிறையக் கிடந்த துணிகளையும் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டது என்ன, ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, தலையணை உறையாகவும் சிட்டுவுக்குக் கவுனாகவும் தன் கையாலேயே தைத்துவிட்டாள். இன்னொருத்தியின் துணியை வேறொரு உடம்புக்குப் பொருத்துவதுதானே அவள் தொழில்? கத்தரி போகாத ஒரே இடம் அந்த நிழல். போட்டோ சும்மா இருக்கும். இது அசைந்தது. தினமும் நாலரை மணிக்குத் திரைச்சீலை மூடியதும் வந்து நின்று, தோளை ஒரு தரம் குலுக்கிவிட்டுக்கொண்டு, துடுப்பை எடுத்தது. மூன்றாவது வளைவில் இடது கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டது. என்றைக்கோ ஒரு நாள் வியர்வைக்காக ஒதுக்கியது, அப்படியே பதிந்துபோய்த் தினமும் ஒதுக்கியது. சிட்டுவும் அந்த இடம் வந்ததும் தன் நெற்றியை இடது கையால் ஒதுக்கிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தையல்காரிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. செத்தவள்மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, எரிகிறதே!

சிட்டு அவளை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை. திரைக்கு முன்னால் நின்றால் மட்டும் குரலே வேறு. "ஏய், குனிம்மா, கிளை வருது! நீ எப்பவும் லேட்டு!" என்று அந்த நிழலைத் திட்டுவாள், கொஞ்சுவாள், அதட்டுவாள். அப்படி ஒரு திட்டு வாங்குவதற்காகத் தையல்காரி தன் இரண்டு மிஷினையும் தூக்கிக் கொடுத்திருப்பாள்.

போன மாதம் ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

"நானும் ஒரு தடவை வரட்டுமா?"

சிட்டு தலையாட்டினாள். தரையில் இரண்டு டேப் குறிகள் உண்டு, பெருக்கல் குறி மாதிரி ஒட்டியவை. மஞ்சள் சிட்டுவுக்கு. சிவப்பு அம்மாவுக்கு. தையல்காரி சிவப்பின்மேல் ஏறி நின்றாள். பெட்டிக்குள் இருந்த சின்ன மோட்டார் ர்ர்ர் என்று முனகி, கண்ணைத் தாழ்த்தி, உயர்த்தி, அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தது. திரையில் வந்தது அவள் உருவம் அல்ல. அதே நெட்டை உருவம்தான். அவள் கையை நீட்டினால், அந்த நீளக் கை முடியுமுன்பே அவள் கை முடிந்துபோயிற்று. துடுப்பு எட்டாத தூரத்தில் தொங்கியது. 'கை எட்டவில்லை' என்று சிவப்பில் எழுத்து வந்தது. படகு கவிழ்ந்தது. மறுபடியும் ஏறினார்கள், மறுபடியும் கவிழ்ந்தது. மூன்றாம் தடவை அவள் எம்பிக் குதித்தே பார்த்தாள். கீழ்வீட்டுக்காரர்தான் கம்பால் கூரையைத் தட்டினார்.

"பரவாயில்லை சித்தி" என்றாள் சிட்டு, பெரிய மனுஷி மாதிரி. "நீங்க உக்காருங்க. அம்மாவே ஓட்டட்டும்."

பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

உள்ளங்கை சிவந்திருந்த அன்று, கணவன் ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் பேச்சை எடுத்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் நகத்திலிருந்து கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டிவி ஊமையா இருந்துச்சு. ஆனா கை தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க."

"பிள்ளை தொடையில தட்டியிருக்கும்."

"கை சிவந்திருக்கு."

"அப்ப பலமாத் தட்டியிருக்கு" என்று சிரித்தான்.

"அந்த நிழலை எடுத்துடலாமே. எதுக்கு அது இன்னும்?"

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அது வெறும் அளவும்மா. அவ இல்ல."

"அவ இல்லன்னா எடுத்துடுங்க."

அவன் அடுத்த நகத்துக்குப் போனான். பிறகு, "சிட்டுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றான். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "எனக்கும்தான்" என்றான்.

அவள் எழுந்துபோய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

மறுநாளிலிருந்து அவள் கைத்தையலை எடுத்துக்கொண்டு கூடத்து சோபாவிலேயே உட்கார ஆரம்பித்தாள். ஓரம் மடித்துத் தைக்கிற வேலைக்குக் கண் தேவையில்லை. கண்ணைத் திரைமேல் வைத்தாள். திரைச்சீலை மூடிய அறையில் டிவியின் நீல வெளிச்சம் சுவரெல்லாம் நெளிந்தது. ஊசி துணிக்குள் போய் வருகிற சரக் சரக், பெட்டியின் மோட்டார் அவ்வப்போது ர்ர்ர், சிட்டுவின் வெறுங்கால்கள் தரையில் தப் தப். நிழலின் தோள் பதினாறு அங்குலம் என்று கணக்குப் போட்டாள். கை இருபத்துநாலரை. தன் கை இருபத்தொன்றுதான். நோட்டில் அளவு எழுதுகிறவளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும், எந்த உடம்பும் மனப்பாடம்.

அதனால்தான் மாற்றம் முதலில் அவள் கண்ணில் பட்டது. வியாழக்கிழமை மூன்றாவது வளைவு வந்தது. சிட்டு முடியை ஒதுக்கிக்கொண்டாள். நிழல் ஒதுக்கவில்லை.

பதிந்தது எப்படி மாறும்? கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். தலைவலி என்று நினைத்து, அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவள் வாசற்படியில் கால் வைத்த அதே நொடியில் திரையில் நெட்டை உருவம் துடுப்பை நிறுத்தியது. இடது கையைத் தூக்கி நெற்றியை ஒதுக்கியது. மூக்கும் முழியும் இல்லாத அந்த வட்டத் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

தேநீர் கையில் தளும்பிச் சுட்டது.

"சித்தி, மறைக்காதீங்க" என்றாள் சிட்டு.

அன்று மாலை கூடத்தைத் துடைக்கும்போது சிவப்புக் குறியைச் சுற்றி ஈரம் இருந்தது. வேறெங்கும் இல்லை. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். நீச்சல்குளத்துத் தண்ணீரில் போடுகிற மருந்து வாடை.

அவளுடைய தையல் கடைக்கு நாலு கடை தள்ளி, ரேடியோவிலிருந்து வாஷிங் மெஷின்வரை எல்லாவற்றையும் திறந்து பார்க்கிற ரிப்பேர்க்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய பேண்ட்டுக்கெல்லாம் இவள்தான் ஜிப் மாற்றிக் கொடுப்பாள். சனிக்கிழமை அவரிடம் போய் நின்றாள்.

"அந்தப் பெட்டியா? இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று அவர் சிரித்தார். "வந்த புதுசுல என்னா ஆட்டம் போட்டாங்க! இனிமே பொத்தானே கிடையாது, எல்லாம் உடம்புதான்னு. ஒரே மாசம். கை வலிக்குதுன்னு தூக்கிப் பரண்ல போட்டுட்டாங்க."

"அதுல பதிஞ்ச நிழல் மாறுமா?"

"எப்படிம்மா மாறும்? பதிஞ்சது பதிஞ்சதுதான்."

"அது ஆளைப் பாக்குமா? இன்னார்னு தெரியுமா?"

"மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது. இருபது மூட்டு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு. ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தள்ளி இருக்கு, எப்படி அசையுது. அந்த அளவுல எது வந்து நின்னாலும் அதுக்கு அதே ஆளுதான்." திருப்புளியால் காதைச் சொறிந்துகொண்டார். "பிடிக்கலைன்னா அழிச்சிடுங்க. அழின்னு ஒரு கட்டம் இருக்கும், கையை நீட்டினா போச்சு. அழிக்க மனசு வரலைன்னா, பழைய ஆள் நின்ன இடத்துலயே நின்னு, கையை விரிச்சு, திரும்ப அளவெடுக்கச் சொல்லுங்க. அதே பேருல உங்க அளவு ஏறிக்கும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அதையே மென்றுகொண்டு நடந்தாள். அழித்தால் சிட்டுவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அம்மாவை இரண்டாம் தடவை சாகடித்தது சித்திதான் என்று ஆயுசுக்கும் மனசில் வைத்துக்கொள்வாள். அவன் ஒன்றும் கேட்கமாட்டான். நகத்தைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அது அதைவிடக் கொடுமை. வேண்டாம். அழிக்கவே வேண்டாம். பிரித்துத் தைத்துக்கொண்டால் போதும். தோளில் கொஞ்சம் பிடித்து, கையில் மூன்றரை அங்குலம் குறைத்து, அந்த நெட்டைக்காரியைத் தன் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், பிறகு இரண்டாவது துடுப்பு அவளுடையது. ஒரு நாள் கைகளை மோதும்போது பிள்ளைக்கு வாய் தவறியாவது 'அம்மா' என்று வராதா? வரும். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே வந்த தபால்காரர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்து அவரும் சிரித்துவைத்தார்.

வேறு யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள். பழைய துணியைக் குப்பையில் போட மனசு வராதவளுக்குத்தான் இப்படித் தோன்றும்.

திங்கட்கிழமை மத்தியானம் கடையை இரண்டு மணிக்கே பூட்டினாள். பள்ளி வேன் நாலு மணிக்குத்தான் வரும். முகம் கழுவி, தானே வெட்டித் தானே தைத்த இளநீல முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். மணிக்கட்டு எலும்பை மூடி நிற்கிற கை. ஒரு நூல் கூடக்குறைய இருக்காது. திரைச்சீலையை இழுத்து மூடினாள். வெளியே வெயில் கொளுத்தியது, ஆட்டோ ஒன்று உறுமிப்போனது, யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரைச்சீலை மூடியதும் எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது. அறையில் குளத்து மருந்து வாடை லேசாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிவப்புக் குறிமேல் ஏறி நின்றாள்.

ர்ர்ர்.

கண் இறங்கி ஏறியது. நெட்டை உருவம் வந்து நின்றது, தோளை ஒரு தரம் குலுக்கிவிட்டுக்கொண்டது. அதன் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று 'அழி', மற்றது 'மறுபடி அளவெடு'. அவள் கையை அந்தரத்தில் நீட்டிப் பிடித்தாள். வெள்ளை வட்டம் சோம்பேறித்தனமாகச் சுற்றியது. கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால். சனியனே, சீக்கிரம் ஆகட்டும் என்று மனதுக்குள் திட்டினாள். நிரம்பியது.

'கைகளை விரித்து நில்லுங்கள். அசையாதீர்கள்.'

விரித்தாள். நெட்டைக்காரியும் விரித்தாள். இரண்டு உருவமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. இவளுடைய கோடு உள்ளே, அவளுடைய கோடு வெளியே, பெரிய உறைக்குள் சின்னத் தலையணை மாதிரி. இனி வெளிக்கோடு சுருங்க வேண்டும். அவள் காத்துக்கொண்டிருந்தாள். தோள் வலிக்க ஆரம்பித்தது.

'பொருந்தவில்லை. கையை நீட்டுங்கள்.'

விரல்நுனிவரை நீட்டினாள்.

'இன்னும்.'

இப்படி ஒரு சொல்லை அந்தப் பெட்டி இதற்குமுன் காட்டியதில்லை. போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தாள். சிட்டுவின் சிவந்த உள்ளங்கை ஞாபகத்துக்கு வந்தது. 'அம்மாவே ஓட்டட்டும்' ஞாபகத்துக்கு வந்தது. எரிச்சலோடு பல்லைக் கடித்துக்கொண்டு, தோள்மூட்டு தெறிக்க, இன்னும் நீட்டினாள்.

மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

இரண்டு மணிக்கட்டையும். ஈரமான பிடி. தையல் போடுமுன் துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார்களே, அந்த இழுப்பு. அவளே ஆயிரம் துணிகளை அப்படி இழுத்திருக்கிறாள்.

'இன்னும்.'

கையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. முழங்கையில் ஒரு சொடக்கு. தோளில் ஒன்று. இடுப்பில் ஒன்று. ஒவ்வொரு மூட்டாக. எண்ணுகிற மாதிரி. திரையில் வெளிக்கோடு சுருங்கவில்லை. அப்படியே நின்றது. உள்கோடுதான் வளர்ந்தது.

கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது. தன் கையைப் பார்த்தாள். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டு எலும்பு வெளியே தெரிந்தது. ஒரு அங்குலம். இரண்டு. மூன்று. மூன்றரை.

'பொருந்தியது.'

வலி நின்றுவிட்டது. சட்டென்று, விளக்கை அணைத்ததுபோல். மருந்து வாடையும் போய்விட்டது. எந்த வாடையும் இல்லை. அப்பாடா என்று கைகளைத் தொங்கவிடப் போனாள்.

கைகள் இறங்கவில்லை.

எதிரே ஒரு அறை இருந்தது. சுவரோடு ஒட்டிய சோபா. அதன்மேல் பாதி தைத்த துணி, ஊசி குத்தியபடி. மூடிய திரைச்சீலை, அதன் ஓரத்தில் வெயில் கோடு. தரையில் மஞ்சள் குறி, சிவப்புக் குறி. எல்லாம் கொஞ்சம் மேலிருந்து, கொஞ்சம் வளைந்து தெரிந்தது. டிவி எங்கே? அறையில் டிவியைக் காணோம். டிவி இருக்க வேண்டிய இடத்திலிருந்துதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புக் குறியின்மேல் இளநீலச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றாள். முகம் தையல்காரியின் முகம்தான். சட்டைக் கை மூன்றரை அங்குலம் குட்டை. அவள் விரித்த கைகளை மெதுவாக இறக்கினாள். தோளை ஒரு தரம் குலுக்கிவிட்டுக்கொண்டாள். இடது கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள்.

இவளுக்கு முடி இல்லை. நெற்றி இல்லை. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது, பழைய இருபத்தொரு அங்குலக் கைகளை விரித்துக்கொண்டு. யாரும் அசையச் சொல்லவில்லை. அதனால் அசைய முடியவில்லை.

வெளியே வேனின் ஹாரன். படியில் தடதடவென்று சின்னச் செருப்புகள். அழைப்பு மணி.

அந்தப் பெண் போய்க் கதவைத் திறந்தாள். நீள நடை, குளத்து ஓரத்தில் வழுக்காமல் நடக்கிறவர்களின் நடை. சிட்டு உள்ளே வந்தாள், பையைக் கழற்றினாள், அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சித்தி?"

பெண் குனியவில்லை, பேசவில்லை. கூடத்துக்கு வந்து சிவப்புக் குறிமேல் நின்றுகொண்டு, இடது கையால் மஞ்சளைக் காட்டினாள். சிட்டு தயங்கித் தயங்கி மஞ்சள்மேல் வந்து நின்றாள். பெட்டி ர்ர்ர் என்றது. அவர்கள் துடுப்புப் போட ஆரம்பித்தார்கள். இவள் அதைப் படகின் இந்தப் பக்கத்திலிருந்து, திரையின் மூலையிலிருந்து பார்த்தாள். ஒரு கிளைக்குக் குனிந்தார்கள், சேர்ந்து. ஒரு பாறைக்குச் சாய்ந்தார்கள், சேர்ந்து. மூன்றாவது வளைவில் இரண்டு இடது கைகளும் ஒரே நேரத்தில் நெற்றிக்குப் போயின.

சிட்டுவின் முகம் கோணியது.

"அம்மா" என்றாள். "நீ வந்துட்டியாம்மா?"

இரண்டு வருடமாக எந்த வார்த்தைக்காகத் தையல்காரி ஏங்கிக் கிடந்தாளோ, அந்த வார்த்தை. அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை சொன்னாள். அவள் தைத்த சட்டையைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். வேறொருத்தி வாங்கிக்கொண்டாள். கோட்டுக்கு வயிறு கிடையாது, ஆனாலும் எரிந்தது.

கரை வந்தது. பெண் கையைத் தூக்கினாள். சிட்டு எம்பினாள்.

டப்.

"அம்மா, அங்க பாரேன்" என்றாள் சிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. விரல் நேராக இவளைக் காட்டியது. "இன்னொண்ணு நிக்குது. குட்டையா, கையை விரிச்சுக்கிட்டு. அது யாரும்மா?"

சிட்டு, நான்தான், உன் சித்தி, சித்தி என்று இவள் கத்தினாள். கோட்டுருவத்துக்கு வாய் கிடையாது.

பெண் திரும்பிப் பார்த்தாள். தையல்காரியின் உதட்டால் சிரித்தாள். இடது கையைத் தூக்கி, அந்தரத்தில் நீட்டிப் பிடித்தாள். இவளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் எழுந்து வந்தது. எந்தக் கட்டம் என்று படிக்கத் தேவையில்லை.

வெள்ளை வட்டம் சுற்றத் தொடங்கியது. மெல்ல. எத்தனை நாள் திட்டியிருப்பாள் அதன் சோம்பேறித்தனத்தை.

கால்.

அரை.

சிட்டு அந்தப் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

முக்கால்.

நீட்டிய கை ஆடவே இல்லை.